கிராமத்துப் பெண் பாடசாலையும் ஆங்கில ஆசிரியையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தொலைவிலே திருநெல்வேலியை அடைவர். பேச்சு வழக்கில் இதனைத் தின்னவேலி என்பர். செம்பாட்டு மண்ணுக்கும் தோட்டப் பயிருக்கும் சந்தைக்கும் பெயர்போன இவ்வூர்க்கு வேறொரு பெருமையும் உண்டு. இஃது ஆசிரியரை உருவாக்கிய ஊர். சைவ வித்தியா விருத்திச் சங்கத்தார் 1928ஆம் ஆண்டிலே தொடங்கிய சைவாசிரிய கலாசாலை இங்கேதான் விளங்கியது. கலாசாலை வீதி என்னும் பெயர் அதனை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் 1929 முதல் 1959 வரை, முப்பது ஆண்டுகள், அங்கே விரிவுரையாளராயிருந்தார். சிந்தனையாளர் பொ. கைலாசபதி அவர்கள் உப அதிபராயிருந்தார். இவர்களிடம் பயின்று வெளியேறியவர்கள் தீபகற்பத்தின் ஊர்தோறும் சென்று தமிழ்ப் பாடசாலைகளிலே கற்பித்தார்கள்.

அச்சங்கம் 1923ஆம் ஆண்டிலே தோன்றியது. ‘இந்து போட்’ இராசரத்தினம் என்று நம்மவர் அழைக்கும் சு. இராசரத்தினம் அவர்களின் உழைப்பால் அது கிராமங்களிலே பல பாடசாலைகளை நிறுவியது. நிறுவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பெரியோர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். கட்டடம் எழுப்புவதாலோ வாங்கு மேசை இடுவதாலோ மட்டும் பாடசாலை உண்டாகிவிடாது. ஆசிரியர் வேண்டும், அவ்வாசிரியருக்குப் பயிற்சி வேண்டும், பயின்றபின் அவரைத் தாங்கும் சூழலும் வேண்டும். இவ்வுண்மை தாய்மொழிக் கல்விக்குப் பொருந்தியதுபோலவே கிராமத்துப் பெண்பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இக்குறை எவ்வாறு வந்தது என்பதை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே பெண் கல்வி புதியதொன்றன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824ஆம் ஆண்டிலேயே உடுவிலிற் பெண்களுக்கு ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் அங்கே கற்பித்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்பணியிலேயே நிலைத்திருந்தார். சைவச் சூழலில் நம் பெண்பிள்ளைகள் ஆங்கிலமும் பயில வேண்டும் என்னும் எண்ணத்துடன் சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டு மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரியை நிறுவினார். எட்டு ஆண்டுகளின் பின், 1921இல், ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியைத் தொடங்கினார். பெண்களின் கல்லூரி முந்தியதும் ஆண்களின் கல்லூரி பிந்தியதும் நாம் சிந்திக்கத்தக்கன. யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943ஆம் ஆண்டிலே தோன்றியது.

இவை பெருமைக்குரியனவே. ஆயினும் அந்நாளில் ஆங்கிலப் பாடசாலை கட்டணம் வாங்கும் பாடசாலை. கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையோ கட்டணமின்றிக் கற்பிப்பது. குடும்பத்தின் கையிலிருந்த சிறு பணம் ஒரு பிள்ளைக்கே போதுமாயின், அது பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கே சென்றது. இரு வகைப் பாடசாலை என்னும் இப்பிரிவினையை நீக்க முயன்றவர் அக்காலக் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள். அவர் தலைமையிலான குழு 1943ஆம் ஆண்டிலே தன் அறிக்கையை வெளியிட்டது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கற்பிக்கும் மொழி படிப்படியாகத் தாய்மொழியாயிற்று. ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளுக்கும் உரிய இரண்டாம் மொழியாயிற்று. சட்டம் ஒரு நாளிலே மாறலாம். ஆனால் ஆங்கிலம் கற்பிக்க வல்லவர் நகரத்துக் கல்லூரிகளிலேயே இருந்தனர். கிராமத்துப் பெண் பாடசாலையின் நேரசூசியில் ஆங்கிலம் என்னும் பாடவேளை இடம்பெற்றது. அப்பாடவேளையை நிரப்பும் ஆசிரியை எல்லா இடத்திலும் வந்துசேரவில்லை. அன்று தோன்றிய அவ்விடைவெளி போரினாலும் இடப்பெயர்வினாலும் மேலும் அகன்றது.

ஆங்கிலம் இன்றியே ஒருத்தி நன்கு வாழலாமே என்று சிலர் வினவுவர். வாழலாம், அதில் ஐயமில்லை. தாய்மொழியிலே சிந்திக்கத் தெரியாதவளுக்குப் பிறமொழி அணிகலனாகுமேயன்றி அறிவாகாது என்பதும் உண்மையே. எனினும் திருநெல்வேலியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவிலே 1974ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. அதுவே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். கிராமத்துப் பெண் ஒருத்தி உயர்தர வகுப்பு வரையும் உயிரியலைத் தமிழிலே கற்று, திறமைச் சித்தி பெற்று, அங்கே மருத்துவ பீடத்துக்குச் செல்கின்றாள் என்று கொள்வோம். அங்கு விரிவுரை ஆங்கிலத்தில், நூல் ஆங்கிலத்தில், பரீட்சையும் ஆங்கிலத்தில். நேற்றுவரை வகுப்பிலே முதல்வியாயிருந்தவள் இன்று வாய் திறவாது பின் வாங்கிலே அமர்கின்றாள். அவள் அறிவு குறைந்துவிடவில்லை. பத்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பெற்றிருக்க வேண்டியதைச் சில மாதங்களிலே விழுங்குமாறு அவளைப் பணிக்கின்றோம். பல்கலைக்கழகம் செல்லாத மற்றைய பெண்கள் நிலையோ இன்னும் கடினம். மருந்துப் போத்தலிலுள்ள சீட்டு, வங்கிப் படிவம், வேலைக்கான நேர்முகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பிறரை எதிர்பார்த்து நிற்க நேர்கின்றது.

நகரத்துப் பிள்ளை பாடசாலையிற் பெறாததைத் தனியார் வகுப்பிலே பெறலாம். மாலை ஆறு மணிக்கு மேல் முடியும் வகுப்பிற்குச் சென்று, இருளிலே தோட்டவெளி ஒழுங்கையால் மிதிவண்டியில் தனியே திரும்பக் கிராமத்துப் பெண்ணை எந்தத் தாயும் விடமாட்டாள். ஆகவே அவளுக்குப் பாடசாலையிற் கிடைக்கும் ஆங்கிலமே ஆங்கிலம். அதனாலேதான் அப்பாடசாலையின் ஆசிரியை ஒருவரே இவ்விடயத்தில் எல்லாமுமாகின்றார்.

இனி, தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏன் கடினமாகின்றது என்பதைச் சற்று விரித்துரைப்பாம். முதலாவது தடை எழுத்தும் ஒலியும் பற்றியது. தமிழிலே ‘க’ என்னும் எழுத்தின் பெயரே அதன் ஒலி. எழுத்தைக் கற்றவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடுவாள். ஆங்கில எழுத்துக்களோ பெயர் ஒன்றும் ஒலி வேறொன்றுமாயிருப்பன. இருபத்தாறு எழுத்துக்களைக் கொண்டு ஏறக்குறைய நாற்பத்து நான்கு ஒலிகளைக் குறிக்கும் மொழி அது. ‘ஏ, பீ, சீ’ என்று நெட்டுருப் பண்ணிய பிள்ளை ஒரு சொல்லையேனும் படிக்க இயலாமல் விழிப்பது இதனாலேயாம். எழுத்தின் பெயரை ஒதுக்கி வைத்து ஒலியை முதலிற் பயிற்றும் ஆசிரியை இத்தடையை எளிதிலே கடப்பிப்பார்.

இரண்டாவது தடை ஒலி வேறுபாடு. நம் வல்லின எழுத்துக்கள் வன்மையும் மென்மையும் இடம் நோக்கிப் பெறுவன. ஆதலால் குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நாம் ‘பின்’ என்றே எழுதுகின்றோம். செவி இவ்விரண்டையும் பிரித்துக் கேளாதவரையில் நாவும் பிரித்துச் சொல்லாது. மேலும், இரு மெய்கள் சேர்ந்து மொழிக்கு முதலில் வருதல் தமிழுக்கு இயல்பன்று. அதனாலேதான் ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆகின்றது. இஃது இகழ்தற்குரிய பிழையன்று. தாய்மொழி இலக்கணம் நாவிலே நிலைபெற்றமைக்கு அடையாளம். இதனைக் கேட்டு நகைக்கும் வகுப்பிலே பிள்ளை பிறகு பேசமாட்டாள்.

மூன்றாவது தடை வாக்கிய அமைப்பு. தமிழிலே வினைமுற்று இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின்னே ஒட்டும்; ஆங்கிலத்தில் அப்பொருள் தருஞ் சொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். ‘அவள் ஆசிரியை’ என்று வினையின்றியே நாம் கூறுவதை ஆங்கிலத்திலே ‘இஸ்’ என்னுஞ் சொல்லின்றிக் கூற இயலாது.

தமிழ் இலக்கணம் கற்ற ஆசிரியைக்கு இங்கே ஒரு தனி வலிமை உண்டு. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் ‘ஏ’ வருமிடமும் ‘த’ வருமிடமும் எவை என்பது எம் பிள்ளைகளை மிக வருத்தும் ஐயம். ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வாசிரியை காட்டலாம். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நாமிருவரும் அறிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமையுருபு விரிந்தும் தொக்கும் நின்று தமிழிலே உணர்த்தும் வேறுபாட்டுக்கு மிக அண்மையதொன்றை ஆங்கிலம் அச்சிறு சொற்களால் உணர்த்துகின்றது. முற்றும் ஒத்ததென்று கூறலாகாது. ஆயினும் பிள்ளைக்குக் கதவு திறக்க இது போதும். தமிழறியாத வெளிநாட்டவர் எத்துணை நல்லவராயினும் இவ்விளக்கத்தைத் தர இயலாது. ஆகவே ஊரிலுள்ள ஆசிரியையை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து வருபவரைக் கொண்டு பாடம் நடத்துவது நல்ல வழியாகாது.

வகுப்பறையின் கணக்கு ஒன்றையும் இங்கே கூற வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையிலே முப்பது பெண்பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியை பாதி நேரம் பேசினால் எஞ்சுவது இருபது நிமிடம். ஒருத்தியின் பின் ஒருத்தியாக எழுந்து விடை கூறினால் ஒவ்வொருத்திக்கும் கிடைப்பது நாற்பது செக்கன். வாரத்துக்கு ஐந்து பாடவேளை எனினும் மூன்றரை நிமிடத்திற்கு மேல் அவள் வாய் திறப்பதில்லை. அதே இருபது நிமிடத்தைப் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, ஒருத்தி வினவ மற்றவள் விடையிறுக்கச் செய்தால், ஒவ்வொருத்தியும் பத்து நிமிடம் பேசுவாள். செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் பதினைந்து சோடிகள் ஒரே வேளையிற் பேசும் ஓசையை அஞ்சாத ஆசிரியையும், அது குழப்பமன்று பயிற்சியே என்று உணரும் அதிபரும் வேண்டும். இத்துணிவு தனியே இருக்கும் ஆசிரியைக்கு எளிதில் வாராது.

இவ்விடயத்தைப் பிற நாட்டார் எவ்வாறு ஆராய்ந்தனர் என்பதும் நமக்குப் பயன்படும். வங்காளத்திலே டாக்காவில் பணியாற்றிய மைக்கல் வெஸ்ற் என்னும் ஆங்கிலேயர் 1926ஆம் ஆண்டளவில் ஒரு வினாவை எழுப்பினார். பள்ளிப்படிப்பை இடையில் விட்டுச் செல்லும் பிள்ளை, அதுவரை கற்ற ஆங்கிலத்தினால் என்ன பயன் பெறுகின்றது என்பதே அது. காப்புறுதிப் பத்திரத்தை இடையிலே ஒப்படைப்பவனுக்கு ஒரு தொகை கிடைப்பதுபோல, எந்த ஆண்டில் நின்றாலும் பிள்ளையின் கையில் ஏதேனும் பயன் மிஞ்ச வேண்டும் என்றார். பேச்சு முழுமையடையப் பல ஆண்டுகள் செல்லும். எளிய சொற்களால் அமைந்த நூலை வாசிக்கும் ஆற்றலோ விரைவில் வரும். ஆதலின் வாசிப்பு முந்துக என்பது அவர் முடிபு. இதற்காகச் சொற்களை எண்ணி அளந்து படிமுறை வாசிப்பு நூல்களை எழுதினார். 1953ஆம் ஆண்டிலே ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்களைக் கொண்ட ஓர் அடிப்படைச் சொற்பட்டியலையும் வெளியிட்டார். க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்த நேரும் கிராமத்துப் பெண்ணுக்கு இவ்வினா இன்றும் உரியதே.

மற்றோர் எடுத்துக்காட்டு நம் அயலிலே, அந்நாட் சென்னை மாகாணத்திலே நிகழ்ந்தது. 1959ஆம் ஆண்டளவில் ஆரம்ப வகுப்புக்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஏறக்குறைய 27,000 ஆசிரியர்க்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெருந்திட்டம் அங்கே வகுக்கப்பட்டது. முதலிலே ஒரு சிறு குழுவினர் பயிற்சி பெறுவர். அவர்கள் ஊர்களுக்குச் சென்று மற்றவர்க்குப் பயிற்சி அளிப்பர். உருளுந்தோறும் பருக்கும் பனிக்கட்டிப் பந்தைப் போல இது வளரும் என்பது எதிர்பார்ப்பு. திட்டத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வகைத் திட்டங்கள் யாவற்றிலும் இயல்பாயுள்ள ஒரு குறையை நாம் மறத்தலாகாது. ஒருவர் கேட்டதை மற்றவர்க்கும், அவர் வேறொருவர்க்கும் சொல்லிச் செல்கையிற் பொருள் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் நிற்பவர் கிராமத்து ஆசிரியை. அவரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் கருத்தன்று, சொல்லே. மேலும், பயிற்சி முடிந்து வகுப்புக்குத் திரும்பிய முதல் வாரத்தில் எழும் ஐயத்தைக் கேட்க அவருக்கு ஒருவருமில்லை. ஒரு முறை பயிற்றிவிட்டு நீங்குவதிலும், சிறிதளவாயினும் தொடர்ந்து துணை நிற்பதே பயன் தரும் என்பது இதனாற் பெறப்படும்.

பழைய மாணவராகிய நாம் இவ்விடயத்திற் செய்யத்தக்கது யாது? கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் நம்மவர் சங்கங்கள் அமைத்துப் பணம் திரட்டுகின்றனர். அப்பணம் பெரும்பாலும் கட்டடமாகவும் கணினியாகவும் வந்து இறங்குகின்றது. திறப்பு விழா நிகழ்கின்றது, பெயர்ப்பலகையும் பதிக்கப்படுகின்றது. இவற்றைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஆனால் ஆசிரியையிடம் சென்று, ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டவர் சிலரே. கேட்டிருந்தால், பின்வருவன போன்ற விடைகளே கிடைத்திருக்கும்.

முதலாவது, துணை. ஒரு சிறு பாடசாலையில் ஆங்கிலத்துக்கு ஒருவரே ஆசிரியையாயிருப்பது வழக்கம். தன் ஐயத்தைக் கேட்க அவருக்கு உடனாசிரியை இல்லை. அயலிலுள்ள ஐந்தாறு பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியைகள் இரு வாரங்களுக்கொருமுறை ஓரிடத்திற் கூடி, அடுத்த பாடங்களை ஒருங்கே ஆயத்தஞ் செய்து, ஒருவர் கற்பிப்பதை மற்றவர் இருந்து பார்த்தால் அதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையினரும் வலயத்து ஆசிரிய ஆலோசகரும் இடையிடையே வந்து வழிகாட்டலாம். இதற்கு வேண்டுவது போக்குவரவுச் செலவும் தேநீர்ச் செலவுமே.

இரண்டாவது, ஆசிரியையின் சொந்த ஆங்கிலம். வகுப்பிலே எளிய ஆங்கிலம் பேசிப் பேசி, தான் கற்ற ஆங்கிலத்தையே அவர் மறந்துவிடுவார். வெளிநாட்டிலுள்ள நம் குடும்பத்துப் பெண்களிற் பலர் ஆங்கிலம் நன்கு பேசுவோர். அவர்களுள் ஒருவர் வாரத்திற்கு அரைமணி நேரம் தொலைபேசியிலே அவ்வாசிரியையுடன் ஆங்கிலத்தில் உரையாடுவாராயின், அது முப்பது மாணவியர்க்குப் பாடம் நடத்துவதிலும் மேலான உதவியாகும். விடுமுறைக்கு வருவோர் இரு வாரம் வகுப்பெடுத்துச் செல்கையிற் பிள்ளைகள் மகிழ்வர். ஆயின் மூன்றாம் வாரமும் வகுப்புக்கு வருபவர் அவ்வாசிரியையே.

மூன்றாவது, நூல். ஒரு நூலகம் நிறையப் பெரும் புத்தகங்களை அனுப்புவதால் பயனில்லை. அவை அலுமாரியிலே பூட்டிக் கிடக்கும். படிமுறையாக அமைந்த சிறு கதை நூல்கள், ஒவ்வொன்றிலும் வகுப்பிற்குப் போதிய பிரதிகளாக இருத்தல் வேண்டும். மாணவி வீட்டிற்கு எடுத்துச் சென்று கிழித்தாலும் அழுக்காக்கினாலும் கண்டியாத மனமும் வேண்டும். நூல் தேய்வது படிக்கப்படுவதன் அடையாளமன்றோ?

நான்காவது, நிலைபேறு. ஓர் ஆசிரியை ஆறாம் தரத்திலே ஏற்ற பிள்ளைகளை ஒன்பதாம் தரம் வரையிலாவது கொண்டு செல்வாராயின் பயன் தெரியும். ஆனால் கிராமத்துப் பாடசாலைக்கு நியமனம் பெறுவோர், பேருந்து வசதியின்மையாலும் தங்குமிடமின்மையாலும், வந்த நாளிலிருந்தே இடமாற்றத்தை நினைந்திருப்பர். அவர்களைக் குறை கூறுதல் அறமன்று. பாதுகாப்பான ஒரு தங்குமிடமோ, காலை மாலை போய்வர ஒழுங்கான வாகனமோ அமைத்துக் கொடுத்தால் அவர்கள் நிலைத்திருப்பர். புதிய மண்டபம் ஒன்றின் செலவிலே இதனைப் பல ஆண்டுகளுக்கு நடத்தலாம்.

ஐந்தாவது, அளவுகோல். ஒரு திட்டம் பயன் தந்ததா என்பதைப் பரீட்சைப் புள்ளியால் மட்டும் அளந்தால், ஆசிரியை மாதிரி வினாத்தாள்களை நெட்டுருப் பண்ணுவிக்கத் தொடங்குவார். அதனினும் எளிய அளவுகோல் உண்டு. முன் படியாத ஒரு பக்கத்தை ஒவ்வொரு மாணவியும் தவணைதோறும் உரத்து வாசித்து, அதன் பொருளைத் தமிழிலே கூறட்டும். சென்ற தவணையில் எத்தனை பேர் வாசித்தனர், இத்தவணையில் எத்தனை பேர் வாசிக்கின்றனர் என்பதை ஒரு கொப்பியிலே குறித்து வந்தால், உண்மை தானே வெளிப்படும்.

இவற்றுள் எதுவும் புகைப்படத்திற்கு அழகாக அமைவதில்லை. பெயர்ப்பலகை பதிக்க இடமுமில்லை. தேநீருக்கும் பேருந்துக்கும் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியாமலே கரைந்துவிடும். எனினும் ஆசிரியரை ஆக்குவதிலே பணத்தையும் உழைப்பையும் இட்ட அன்றைய பெரியோர் பெற்ற பயனை நாம் அறிவோம். அவர்கள் ஆக்கிய ஆசிரியரிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நம் சங்கங்களில் வீற்றிருக்கின்றனர்.

கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே, நம் சங்கக் கிளை ஒவ்வொன்றும் ஒரு கிராமத்துப் பெண் பாடசாலையைத் தெரிந்தெடுத்து, அதன் ஆங்கில ஆசிரியைக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து துணை நிற்பதென முடிவு செய்யலாம். தெரிந்தெடுக்குமுன் அதிபரையும் ஆசிரியையையும் நேரிற் கண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டறிதல் வேண்டும். அடுத்த தவணை தொடங்குமுன் அம்முதற் சந்திப்பு நிகழுமாக.